உப்பும் எலும்பும்

மடத்துவெளி மக்கள் உப்பைப் பெரிதாக மதித்ததில்லை. புங்குடுதீவின் கிணறுகளை உவராக்கிய பகையல்லவா அது! ஆயினும் விஞ்ஞான வரலாற்றில் அதே உப்பு ஒரு பெருந்தொண்டு செய்திருக்கிறது.

1869இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில், ஒரு பழங்கோட்டையின் சமையலறையே ஆய்வுகூடமாயிருந்தது. அங்கே பிரெடரிக் மீஷர் என்னும் சுவிஸ் இளைஞர், வைத்தியசாலையில் கழித்த கட்டுத்துணிகளின் சீழைக் கழுவி, பன்றியின் இரைப்பைச் சாற்றால் புரதத்தைச் சிதைத்து, இன்று டி.என்.ஏ. என நாம் வழங்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். பின்வந்தோர் பினோலையும் குளோரோபோமையும் கையாண்டனர். பினோல் தோலைச் சுட்டெரிக்கும். நச்சாவியை வெளியேற்றத் தனிப் பெட்டகம் வேண்டும். ஏழை நாட்டு ஆய்வுகூடம் எங்கே போகும்?

1988இல் மில்லர், டைக்ஸ், பொலெஸ்கி ஆகிய மூவர் அந்த நஞ்சுகளின்றியே காரியத்தை முடித்துக் காட்டினர். சிதைத்த இரத்த அணுக்களின் கரைசலில் செறிந்த உப்புநீரைச் சேர்த்துச் சுழற்றினால் புரதம் அடியில் படியும். தெளிந்த நீரில் மதுசாரம் வார்த்தால் டி.என்.ஏ. வெண்ணூலாகத் திரளும். அவ்வளவுதான்! பப்பாசிப்பழம், சவர்க்காரம், உப்பு, ஸ்பிரிட் கொண்டு ஏறக்குறைய இதையே எங்கள் விஞ்ஞான ஆசிரியர் வகுப்பில் செய்து காட்டினார். தமிழ் கற்பிக்கும் நானும் பிள்ளைகளோடு நின்று பார்த்தேன்.

இன்று கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவினாலே போதும். காகிதத்தில் உலர்ந்த ஒரு துளி இரத்தமும் போதும். ஆனால், இந்த எளிமை உயிரோடிருப்பவரை மட்டுமே எட்டியிருக்கிறது. எலும்பு அத்தனை எளிதில் இணங்காது. மேற்புறத்தைச் சுரண்டி, தூளாக்கி, சுண்ணத்தைக் கரைத்து, எஞ்சிய சிதைவுகளைப் பொறுக்க வேண்டும். வெப்பமும் ஈரமும் கூடிய மண்ணில் அதுவும் குன்றிவிடும்.

செம்மணியில் 1999இல் 15 எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டன. 2025இல் அதே பகுதியின் சித்துப்பாத்தி மயானத்தில் குழந்தைகளின் எலும்புகளும் வெளிப்பட்டன. எலும்பு தானாகப் பெயர் சொல்லாது. உறவினரின் மாதிரியோடு ஒப்பிட்டாலன்றி அது யாருடையது என்று உறுதியாகக் கூறுவது பல வேளைகளில் அரிது.

ஆர்ஜென்டீனாவில் இராணுவ ஆட்சி பறித்த பேரக்குழந்தைகளைத் தேடிய பாட்டிமாரின் போராட்டத்தால், 1987இல் சட்டப்படி ஒரு மரபணு வங்கி அமைந்தது. பாட்டிமார் பலர் இறந்தபின்னும் அவர்களது இரத்தம் அங்கே சாட்சியாயிருந்தது. 130க்கு மேற்பட்ட பேரர்கள் இனங்காணப்பட்டனர்.

எங்கள் தீவுகளிலும் மகனைத் தேடும் தாய்மார் இருக்கின்றனர். பலர் எழுபதைக் கடந்துவிட்டனர். அவர்களின் மாதிரியைப் பெற ஒரு பஞ்சுக்குச்சியும் காகித உறையும் ஒரு நிமிடமும் போதும். அவர்களது சம்மதத்தோடு அதைப் பெற்று, எவர் கையிலும் சிக்காது காப்பதற்கு எலும்பின் ஆய்வு முடியும்வரை ஏன் காத்திருக்கவேண்டும்?