தடை நியூரான்களும் வளர்ந்த மூளையின் நெகிழ்திறனும்

தடை நியூரான்கள் என்பவை, தம்மோடு இணைந்துள்ள நியூரான்களின் செயல்பாட்டைத் தணிக்கும் நரம்பணுக்கள். பெருமூளைப் புறணியில் இவற்றின் பங்கு ஐந்தில் ஒன்று, அல்லது அதற்கும் சற்றுக் குறைவு. குளுட்டமேட்டிலிருந்து உருவாகும் காபா என்னும் வேதிப்பொருளைச் சுரந்தே இவை பணியாற்றுகின்றன. எண்ணிக்கையில் சிறுபான்மை என்றாலும், அனுபவத்துக்கேற்ப மூளையின் இணைப்புகள் எப்போது, எவ்வளவு மாறலாம் என்பதை நிர்ணயிப்பதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு.

இந்தத் துறையின் அடிப்படைச் சோதனைகள் பார்வைப் புறணியில் நடந்தவை. 1960களில் டேவிட் ஹியூபெல், டோர்ஸ்டன் வீசல் இருவரும் பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடிவைத்தார்கள். அதன் பார்வைப் புறணி நியூரான்கள் திறந்திருந்த கண்ணின் பக்கமே சாய்ந்துவிட்டன. வளர்ந்த பூனையில் அந்த மாற்றம் ஏற்படவில்லை. இணைப்புகள் எளிதில் மாறக்கூடிய இந்த இளமைக் கட்டம் முக்கியப் பருவம் எனப்படுகிறது. இருவரும் 1981இல் நோபல் பரிசு பெற்றனர்.

அந்தப் பருவம் ஏன் தொடங்குகிறது என்ற கேள்விக்கு 1998இல் டக்காவோ ஹென்ஷ் குழுவினரின் ஆய்வு விடையளித்தது. காபாவை உருவாக்கும் நொதிகளுள் ஒன்று இல்லாத சுண்டெலிகளில், கண்ணை மூடியும் புறணி மாறவில்லை. காபாவின் விளைவைக் கூட்டும் டையஸிபாம் கொடுத்ததும் மாறியது. இணைப்புகள் மாறும் இந்த நெகிழ்திறனுக்குத் தடை பகை என்று எண்ணுவோருக்கு இந்த முடிவு வியப்பளிக்கும். தடை ஓரளவு முதிர்ந்தால்தான் பருவமே தொடங்குகிறது. அது மேலும் வலுக்கும்போது பருவம் முடிகிறது.

இதில் முதலிடம் பார்வால்புமின் புரதத்தைக் கொண்ட கூடை நியூரான்களுக்கு. அதிவேகமாகத் துடிக்கும் இவை, மற்ற நியூரான்களின் உடலைச் சுற்றிப் பின்னி அவற்றின் வெளியீட்டை அடக்குகின்றன. வயது ஏற ஏற, சர்க்கரையும் புரதமும் சேர்ந்த ஒரு வலை இவற்றைப் போர்த்துகிறது. இத்தாலியர் கமில்லோ கோல்கி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே விவரித்த வலை இது. அதைக் காண்ட்ராய்டினேஸ் நொதியால் கரைத்தபோது, வளர்ந்த எலிகளின் பார்வைப் புறணியிலும் பழைய நெகிழ்வு திரும்பியதாக டொம்மாசோ பிட்சொருஸ்ஸோ குழுவினர் 2002இல் அறிவித்தனர்.

வலை கரையாத இயல்பான வளர்ந்த மூளையும் கற்கத்தான் செய்கிறது. அங்கே தடை சற்று நேரம் விலகி மீள்கிறது. 2007இல் ராபர்ட் ஃப்ரோம்கே குழுவினர் வளர்ந்த எலிகளுக்கு ஒரு குறிப்பிட்ட சுருதியை ஒலிக்கச் செய்து, கூடவே அசெட்டில்கோலின் சுரக்கும் முன்மூளை அடிப்பகுதியையும் தூண்டினார்கள். செவிப்புறணியில் அந்தச் சுருதிக்கான தடை சில நொடிகளிலேயே சரிந்தது. அதன் பின்னரே தூண்டல் உயர்ந்தது. அடுத்த சில மணி நேரத்தில் தடை மெல்ல ஏறி, புதிய தூண்டலோடு சமநிலைக்கு வந்தது. புதிய இணைப்பு உருவாக வழிவிடுவதும், உருவானபின் அதை நிலைநிறுத்துவதும் தடையின் வேலைதான் என்பதே இந்த ஆய்வின் மதிப்பு.

இந்த விலகலை நிகழ்த்துபவையும் தடை நியூரான்களே. விஐபி என்ற பெப்டைடைக் கொண்டவை, சொமட்டோஸ்டாட்டின் கொண்ட வேறு தடை நியூரான்களை அடக்குகின்றன. அவற்றின் பிடியில் இருந்த, தூண்டல் தரும் பிரமிடு நியூரான்கள் விடுபடுகின்றன. சுண்டெலி ஓடும்போது பார்வைப் புறணியில் விஐபி நியூரான்கள் விழித்துக்கொள்கின்றன. நெடுநாள் ஒரு கண் மூடியிருந்த வளர்ந்த சுண்டெலிகள், ஓடிக்கொண்டே காட்சிகளைப் பார்த்தபோது அவற்றின் பார்வைப் புறணியின் செயல்பாடு விரைவாக மீண்டதை மெகுமி கனெக்கோவும் மைக்கேல் ஸ்ட்ரைக்கரும் 2014இல் காட்டினர். ஓட்டம் மட்டுமோ காட்சி மட்டுமோ அந்த அளவுக்கு உதவவில்லை.

தடை நியூரான்கள் மற்ற நியூரான்களோடு இணையும் சினாப்ஸ்களும் நிலையானவை அல்ல. வளர்ந்த சுண்டெலியின் ஒரு கண்ணை மூடினால், பார்வைப் புறணியில் அவற்றுள் பல விரைவில் மறைவதை 2012இல் நுண்ணோக்கி வழியே நேரடியாகக் கண்டார்கள். இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. கருவிலிருந்து எடுத்த இளம் தடை நியூரான்களைச் சுண்டெலிக் குட்டிகளின் மூளையில் பதித்தபோது, வழக்கமான பருவம் முடிந்தபின் இன்னொரு முக்கியப் பருவம் தோன்றியது. ஆக, தடையின் மொத்த அளவைவிட, எந்த நியூரான் எந்த முதிர்ச்சியில் இருக்கிறது என்பதே முக்கியமாகிறது.

மனிதரிடம் சான்றுகள் மறைமுகமானவை. வயதுவந்தோரின் ஒரு கண்ணை இரண்டரை மணி நேரம் மூடித் திறந்தால், சிறிது நேரம் அந்தக் கண்ணின் செல்வாக்கே கூடுகிறது. கிளாடியா லுங்கி குழுவினர் காந்த ஒத்ததிர்வு நிறமாலை முறையில் அளந்து, அப்போது முதன்மைப் பார்வைப் புறணியில் காபா குறைவதை 2015இல் தெரிவித்தனர். காபா அதிகம் குறைந்தவர்களிடம் அந்தக் கண்ணின் செல்வாக்கும் அதிகமாகக் கூடியிருந்தது.

மருத்துவப் பயன் இன்னும் கைகூடவில்லை. பக்கவாதம் ஏற்படுத்திய சுண்டெலிகளில், சேதப் பகுதியைச் சுற்றி ஓயாது நிலவும் தடையை, அதற்குக் காரணமான காபா ஏற்பி வகையை அடக்கும் மருந்தால் குறைத்தால் கை கால் இயக்கம் மேம்படுவதை 2010இல் ஆன்ட்ரூ கிளார்க்சன், தாமஸ் கார்மைக்கேல் ஆகியோர் கண்டறிந்தனர். மருந்தை உடனே கொடுத்தால் சேதம் பெருகியது. சில நாள் கழித்துக் கொடுத்தால்தான் பயன் தந்தது. அதே வகைக் காபா ஏற்பியை அடக்கும் மருந்தை, பக்கவாதம் வந்து 3 முதல் 8 நாட்களுக்குள் தொடங்கி 90 நாட்கள் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பன்னாட்டு ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. மருந்து பெற்றவர்களின் மீட்சி, மருந்தற்ற மாத்திரை பெற்றவர்களின் மீட்சியைவிட மேம்பட்டதாக இல்லை.