பழுதான சரக்கும் வாங்கியவர் உரிமையும்: பெரம்பலூர், அரியலூர் வரலாறு

வாங்கிய பொருளில் பழுது இருந்தால் கடைக்காரர் அதை மாற்றித் தர வேண்டும், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டு வழக்காடும் எளிய வழி, பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக்கு 1987க்குப் பிறகு வந்தது. அதற்கு முன்பு பல நூற்றாண்டுகள் வியாபாரம் வேறொரு கணக்கில் நடந்தது: பார்த்து வாங்குவது வாங்குகிறவர் பாடு, கை மாறிய பின் நட்டமும் அவருடையதே.

இந்தக் கணக்கு துலக்கமாகத் தெரிந்த இடம் மாட்டுச் சந்தை. உழவுமாடு வாங்க வந்தவர் வாயைத் திறந்து பல்லை எண்ணுவார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார். கூடவே ஊரில் மாடு பார்க்கத் தெரிந்த ஒருவரை அழைத்து வருவார். தரகர் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசி முடிப்பார். கயிறு கைமாறியது என்றால் பேச்சு முடிந்தது. வீட்டுக்குப் போன பிறகு மாடு படுத்துக்கொண்டாலும் உதைத்தாலும் விற்றவரைத் தேடிப் போவதில் பெரிய பயன் இல்லை. அதிகம் போனால் தரகரைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம். அடுத்த சந்தைக்கும் வர வேண்டியவர் என்பதால் அவர் ஏதாவது சமாதானம் செய்வார். தான் பார்த்தறியக்கூடிய பொருளை வாங்கும்வரை இந்த ஏற்பாடு அவ்வளவு அநியாயமானதும் அல்ல.

ஏட்டில் இதைவிடத் தாராளமான விதிகள் இருந்தன. யாக்ஞவல்கிய ஸ்மிருதி, வாங்கிய பொருளைச் சோதித்துப் பார்க்கக் கெடு வகுக்கிறது: இரும்புக்கு ஒரு நாள், கறவை மாட்டுக்கு மூன்று நாள், வண்டி இழுக்கும் மாட்டுக்கு ஐந்து, மணிகளுக்கு ஏழு, விதைக்குப் பத்து. விதை முளைக்க எத்தனை நாள் ஆகும் என்று தெரிந்த யாரோ எழுதிய விதி அது. ஆனால் இப்பகுதிச் சந்தைகளில் யாரும் ஸ்மிருதியைப் பார்த்து வியாபாரம் செய்திருக்கப் போவதில்லை.

சோழர் காலத்தில் கங்கைகொண்ட சோழபுரம் தலைநகராக இருந்த மண் இது. அக்காலக் கல்வெட்டுகளில் அளவைகளைப் பற்றிய அக்கறை நிறையத் தெரிகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், ராஜகேசரி என்ற அளவோடு ஒத்த ஆடவல்லான் என்னும் மரக்காலால் நெல்லை அளக்கச் சொல்கின்றன. பொன்னை நிறுக்கவும் ஆடவல்லான் என்ற பெயரில் ஒரு கல் இருந்தது. அரசும் கோயிலும் அளவுக்குப் பொறுப்பேற்றன. அளந்து போட்ட நெல் புழுத்திருந்தால் என்ன செய்வது என்பது, பெரும்பாலும் வாங்குகிறவரின் கண்ணுக்கும் கைக்கும் விடப்பட்டது.

ஆங்கிலேயர் ஆட்சியில் பெரம்பலூரும் உடையார்பாளையமும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வட்டங்கள். பொருள் விற்பனைக்கு முதலில் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும், பிறகு 1930இன் சரக்கு விற்பனைச் சட்டமும் பொருந்தின. வாங்குபவரே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்ற இங்கிலாந்துக் கொள்கையை 1930ஆம் ஆண்டுச் சட்டம் அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதன் 16ஆம் பிரிவில் சில விலக்குகளைச் சேர்த்தது. எதற்காக வாங்குகிறோம் என்பதைச் சொல்லி, கடைக்காரரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு உதவ வேண்டும். பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிய சரக்கு விற்கத் தக்க தரத்தில் இருக்க வேண்டும். மாதிரி காட்டி விற்றால் மூட்டையும் மாதிரிபோல் இருக்க வேண்டும் என்கிறது அடுத்த பிரிவு. தானிய வியாபாரிகளுக்கு இது புதிய செய்தி அல்ல. அதே சட்டத்தில் ஒரு முட்டுக்கட்டையும் இருந்தது. வாங்கியவர் சரக்கை ஏற்றுக்கொண்டுவிட்டால், பொதுவாக அதைத் திருப்பித் தர முடியாது, நட்டஈடுதான் கேட்கலாம். அதற்கு முன்சீப் நீதிமன்றத்தில் கட்டணம் கட்டி, வக்கீல் வைத்து, வாய்தாக்களுக்கு நடக்க வேண்டும். ஒரு மண்வெட்டிக்கோ ஒரு மூட்டை புண்ணாக்குக்கோ யார் இதைச் செய்வார்கள்?

செய்யாததற்கு இன்னொரு காரணம் பற்று நோட்டு. மானாவாரிச் சாகுபடியை நம்பிய ஊர்களில் மளிகை, விதை, உரம் எல்லாம் கடனுக்கு வாங்கி, கண்டுமுதலான பிறகு கணக்குத் தீர்ப்பது வழக்கம். பல இடங்களில் கடன் கொடுத்தவரே விளைச்சலை எடுப்பவரும் ஆவார். அப்படிப்பட்ட கடையில் சரக்கு சரியில்லை என்று வாய் திறப்பது அடுத்த வெள்ளாமையைப் பணயம் வைப்பதற்குச் சமம்.

சுதந்திரத்துக்குப் பின் வந்த சட்டங்கள் அளவையும் கலப்படத்தையும் கவனித்தன. 1954இல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் வீசையும் பலமும் படியும் போய்க் கிலோவும் லிட்டரும் வந்தன. முத்திரை ஆய்வாளர் தராசையும் எடைக்கல்லையும் சோதித்தார். இவை அரசு நடவடிக்கைகள். குற்றம் உறுதியானால் அபராதத்தைக் கருவூலம் வாங்கிக்கொண்டது. ஏமாந்தவருக்கு ஒரு காசும் இல்லை.

அரியலூரின் சொந்தச் சரக்கான சிமெண்டின் கதை இங்கே சொல்லத் தக்கது. சுண்ணாம்புக்கல் நிறைந்த அப்பகுதியில் தமிழ்நாடு அரசின் சிமெண்ட் ஆலை 1979இல் தொடங்கியது. பின்னர் தனியார் ஆலைகளும் பெருகின. அரசு ஆலை தொடங்கிய நாளில் சிமெண்ட் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தது. 1982இல் ஓரளவும் 1989இல் முழுவதுமாகவும் கட்டுப்பாடு நீங்கும்வரை, பெர்மிட்டுக்கு அலைந்து மூட்டை வாங்கியவர் அது கட்டி தட்டியிருந்தால்கூடத் திருப்பித் தர நினைக்கமாட்டார், கிடைத்ததே பெரிது. தட்டுப்பாடு உள்ள சந்தையில் உரிமை என்ற பேச்சுக்கு இடமில்லை. இன்று மூட்டைமேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், எந்த ஆண்டின் எந்த வாரத்தில் அடைத்தது என்பதும் அச்சாகியிருக்கின்றன. மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த சிமெண்டைச் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது என்பது கட்டுமானத் துறை விதி. ஆகவே அந்தச் சிறிய வார எண்ணே வழக்கில் முதல் சாட்சியாகிறது. அதைக் கொத்தனார் பார்ப்பதற்குள் மூட்டை கிழிந்து தூசியாகிவிடுவதுதான் வழக்கம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1986 டிசம்பர் 24 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. 1987இல் அது நடைமுறைக்கு வந்தது. அது வகுத்த மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் வழக்காட வக்கீல் தேவையில்லை. மாவட்ட நீதிபதி தகுதியுள்ள ஒருவர் தலைவர். இரு உறுப்பினர்களில் ஒருவர் பெண். பழுதை நீக்கு, புதுப் பொருள் கொடு, விலையைத் திருப்பு, இழப்பீடு கொடு என்று அந்த மன்றம் உத்தரவிடலாம். மாற்றித் தருதல் இப்படிச் சட்டத்தின் வாசகத்தில் தனித் தீர்வாக இடம்பெற்றது. கடைக்காரர் கம்பெனியைக் கைகாட்ட, கம்பெனி கடைக்காரரைக் கைகாட்ட நடுவில் நிற்க வேண்டியதும் இல்லை. இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். சட்டம் வந்தாலும் பல மாநிலங்கள் மாவட்ட மன்றங்களை அமைக்கத் தாமதித்தன. உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

பெரம்பலூர்க்காரருக்கு அந்த மன்றம் திருச்சியில் இருந்தது, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளி. ஜெயங்கொண்டத்துக்காரருக்கு இன்னும் தூரம். பழுதான மின்விசிறிக்காக மூன்று வாய்தா போனால் பஸ் செலவும் போன கூலியும் விசிறி விலையைத் தொட்டுவிடும். 1995 நவம்பர் 1 அன்று பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் 2001 ஜனவரியில் அதிலிருந்து பிரிந்து, 2002 மார்ச் இறுதியில் மீண்டும் அதனோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று மறுபடி தனி மாவட்டமாயிற்று. மாவட்டப் பிரிவினை என்றால் கலெக்டர் அலுவலகக் கட்டடம்தான் பலருக்கு நினைவு வரும். நுகர்வோர் வழக்கில் அதன் பயன் பஸ் டிக்கெட்டிலேயே தெரிந்தது. இன்று ஆணையம் எனப்படும் அம்மன்றம் இரு மாவட்டங்களுக்கும் தனித்தனியாக உண்டு.

இவ்வட்டாரத்துக்கு மிகவும் கடினமான வழக்கு விதை வழக்கு. பெரம்பலூர் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் பேர்போனது. பி.டி. பருத்திக்கு 2002இல் அனுமதி கிடைத்த பின், வீட்டில் எடுத்து வைத்த விதை போய் ஆண்டுதோறும் பாக்கெட் வாங்கும் நிலை வந்தது. மாட்டின் பல்லைப் பார்த்தவருக்கு இந்தப் பாக்கெட்டில் பார்க்க ஒன்றும் இல்லை. சான்று விதைக்கு நீலநிற அட்டை, அதில் குவியல் எண், சோதித்த தேதி, முளைப்புத்திறன், அவ்வளவுதான். பழுது தெரியும்போது பொருளே இருக்காது, மண்ணுக்குள் போயிருக்கும். பழுது இருப்பதை ஆய்வகத்தில் நிரூபி என்று சட்டம் சொன்னால், விதைத்தவர் எதை அனுப்புவார்?

விதை நிறுவனங்கள் இதைத்தான் வாதமாக வைத்தன. ஆந்திர விவசாயிகள் தொடுத்த வழக்குகளில், தேசிய விதைக் கழகத்துக்கு எதிராக 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விவசாயியும் நுகர்வோரே, விதைச் சட்டம் தனியாக இருப்பதால் நுகர்வோர் மன்றத்தின் கதவு மூடிவிடாது, எல்லா விதையையும் விதைத்துவிட்டவரிடம் மாதிரி கேட்பது பொருந்தாது, அதே குவியலின் விதையை நிறுவனமே சோதனைக்குக் கொடுத்திருக்கலாம் என்றது நீதிமன்றம். வயலைப் பார்த்து வேளாண் அலுவலர் தரும் அறிக்கைக்கு இதனால் வலு கூடியது. ஆனாலும் 2018இல் படைப்புழு மக்காச்சோளத்தை அழித்ததுபோல் பூச்சியோ மழையோ காரணமானால் விதையைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வேறுபாட்டை நிறுவ, பயிர் நிற்கும்போதே அலுவலரை வயலுக்கு வரவழைக்க வேண்டும்; பில், அட்டை, காலிப் பாக்கெட் மூன்றும் கையில் இருக்க வேண்டும். பில்லுக்குப் பதில் எஸ்டிமேட் என்று எழுதிய துண்டுச் சீட்டோடு வந்தவரின் வழக்கு பலமிழக்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

பில்லைப் பற்றியும் திருப்பி எடுப்பதைப் பற்றியும் நேராகப் பேசியது, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பில் தராமல் இருப்பதும், பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதன்படி முறையற்ற வணிக நடைமுறைகள். பில்லில் கெடு இருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் தர வேண்டும். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்ற வாசகம் பில்லின் அடியில் இன்னும் அச்சாகிறது. பழுதான சரக்கைப் பொறுத்தவரை அதற்குச் சட்ட மதிப்பு இல்லை. மனம் மாறியோ நிறம் பிடிக்காமலோ திருப்பித் தருவது வேறு; அதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது இச்சட்டத்தின் இன்னொரு மாற்றம். சென்னைக் கடையிலோ இணையத்திலோ வாங்கிய செல்போனுக்குச் செந்துறைக்காரர் அரியலூரில் வழக்குத் தொடுக்க முடியும். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு கெடு. செலுத்திய விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். தீர்ப்பு பிடிக்காத கடைக்காரர் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம், தர வேண்டிய தொகையில் பாதியை முதலில் கட்டிவிட்டு. மேல்முறையீடும் செய்யாமல் உத்தரவையும் நிறைவேற்றாமல் இருந்தால் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.