மேஜைக்கு ஒரு காது

திருமயம் என்றால் உங்களுக்குக் கோட்டை ஞாபகம் வரும். கொஞ்சம் அரசியல் வாசித்தவர் என்றால் தீரர் சத்தியமூர்த்தி. எனக்கு இப்போதெல்லாம் ஒரு சாப்பாட்டு மேஜைதான் ஞாபகம் வருகிறது.

அங்கே அக்கா வீடு. அக்கா மகன், பாலிடெக்னிக் மாணவன், அந்த மேஜைக்கு மேலே ஒரு வெப்கேமராவையும் கையடக்க புரொஜெக்டரையும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். மேஜைமீது வெளிச்சத்தால் வரைந்த கால்குலேட்டர்.

'மடக்கினா பைக்குள்ள போயிடும் மாமா!'

ஒரே ஒரு தொந்தரவு. எண்ணைத் தொடவே வேண்டாம். விரல் மேலே கடந்து போனாலே விழுந்துவிடுகிறது. மேலேயிருந்து பார்க்கிற கேமராவுக்கு விரல் எங்கே இருக்கிறது என்று தெரியும். தொட்டதா, அரை அங்குலம் மேலே நிற்கிறதா? சத்தியமாகத் தெரியாது.

'இது ரொம்பப் பழைய தலைவலிடா' என்றேன். பி.காம். படித்த எனக்கே தெரிந்த சரித்திரம்.

1991. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். பியர் வெல்னர் என்பவர் 'டிஜிட்டல் டெஸ்க்' என்று ஒரு மேஜை செய்தார். மேலே கேமரா, புரொஜெக்டர். காகிதத்தில் அச்சடித்த எண்ணை விரலால் காட்டினால் போதும், கேமரா அதைப் படித்துக் கணக்கில் சேர்த்துவிடும். தொட்டதை எப்படிக் கண்டுபிடித்தார் தெரியுமா? மேஜைக்கு அடியில் ஒரு மைக். விரல் தட்டினால் 'டொக்'. எங்கே என்று கண் சொல்லும். எப்போது என்று காது சொல்லும். தீர்ந்தது விஷயம்.

2007-ல் மைக்ரோசாஃப்ட் 'சர்ஃபேஸ்' மேஜையை அறிவித்தது. இதில் கேமராக்கள் கீழே, மேஜையின் வயிற்றுக்குள். விலை சுமார் 10,000 டாலர். பையில் போடுகிற சமாச்சாரமே இல்லை.

குஜராத்தின் பாலன்பூரைச் சேர்ந்த பிரணவ் மிஸ்திரி வேறு வழியில் போனார். எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவர். முதலில் தன் சைக்கிள் ஹெல்மெட்டை வெட்டி அதில் புரொஜெக்டரைப் பொருத்தினார். அதுவே பிறகு கழுத்தில் தொங்குகிற அளவுக்குச் சுருங்கியது. பெயர், 'சிக்ஸ்த் சென்ஸ்'. செலவு சுமார் 350 டாலர். 2009 நவம்பரில் மைசூரில் மேடையேறி விளக்கினார். கையில் ஒரு சாதாரணக் காகிதம். அதுதான் திரை. அதில் கிளிப்போல மாட்டியிருந்தது, வெப்கேமராவிலிருந்து கழற்றிய மைக்!

பதினெட்டு வருஷம் கழித்தும் அதே 'டொக்'.

பையன் கடைசிவரை கேட்கவில்லை. எழுந்து போய் ஒரு பழைய ஹெட்போன் மைக்கைக் கொண்டுவந்து, மேஜைக்கு அடியில் டேப் போட்டு ஒட்டினான். ராத்திரி பத்து மணிக்கு வேலை செய்தது. தொட்டால் மட்டும் எண் விழுந்தது. நான் ஏழின்மேல் விரலை நீட்டி, தொடாமல் காத்திருந்தேன். விழவில்லை. இருவருக்கும் பெருமை தாங்கவில்லை.

மேஜையின் அந்தக் கோடியில் அக்கா வந்து சாம்பார்ப் பாத்திரத்தை வைத்தாள். டொக்.

ஏழு விழுந்தது.