எலியும் மானும்

கல்லூரியில் ‘லியர் அரசன்’ படித்தபோது ஓரிடத்தில் திகைத்து நின்றேன். எலிகளை ‘டீர்’ என்கிறாரே ஷேக்ஸ்பியர்! எலி எப்படி ஐயா மானாகும் என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது.

பின்னால் அகராதி விடை சொல்லிற்று. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு விலங்கு என்றே பொருள். ஜெர்மன் மொழியில் ‘டீர்’ என்றால் இன்றும் விலங்குதான்.

1066-ல் இங்கிலாந்தை வென்ற வில்லியம், காடுகளைத் தன் வேட்டைக்கென்று வளைத்துக்கொண்டான். மானைக் கொன்றவன் கண்ணை இழந்தான். பிரெஞ்சுச் சொல்லான ‘பீஸ்ட்’ வந்தது. பின்னால் ‘அனிமல்’ வந்தது. பொதுப்பெயர் அவற்றுக்குப் போய்விட்டது. பழைய சொல்லோ, மெல்ல மெல்ல, வேட்டைக்காரர் தேடிய மானோடு மட்டும் நின்றுவிட்டது.

குடியானவன் காட்டை இழந்தான். எலி தன் பெயரை இழந்தது. அன்று நான் கேட்டது அப்படியொன்றும் அசட்டுக் கேள்வியல்ல!