குப்பைமேட்டின் மூச்சு

சென்ற வாரம் கடற்கரைச் சாலையில் காலை நடை முடித்து உட்கார்ந்திருந்தோம். என்னோடு ஒரே பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் கேட்டார்: "சார், எங்க மாப்பிள்ளை ஒரு மனை பார்த்திருக்கார். விலை மலிவு. பக்கத்துல முன்னாடி ஒரு பள்ளம் இருந்துச்சாம். குப்பையைக் கொட்டி மூடி மண்ணு போட்டுட்டாங்க. பதினஞ்சு வருஷம் ஆச்சு, புல்லுகூட முளைச்சிடுச்சு. குப்பையெல்லாம் இந்நேரம் மக்கி மண்ணாப் போயிருக்கும் இல்ல?"

போயிருக்காது என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. நின்ற இடத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால், அவருக்காகவும் மற்ற நண்பர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் காலத்தில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு மெத்தேன் என்ற பெயருக்கு முன்பே "காஸ் தெ மாரே" என்ற பெயர் பழக்கம். சதுப்பு வாயு என்று பொருள். அதே வாயு நிலக்கரிச் சுரங்கத்தில் கிளம்பினால் அதற்குப் பெயர் "க்ரிசு". ஏரிச் சேற்றைக் கம்பால் கிளறினால் வரும் குமிழியில் தீக்குச்சியைக் காட்டினால் பற்றிக்கொள்ளும் என்று எங்கள் முசே வகுப்பில் சொன்னார். நாங்கள் நான்கு பேர் ஊசுட்டேரிக் கரைக்குப் போய்ச் செய்து பார்த்தோம். தீப்பெட்டி நனைந்ததும், வீட்டில் உதை வாங்கியதும்தான் மிச்சம்.

அந்தச் சோதனையை முறையாகச் செய்து காட்டியவர் இத்தாலியரான அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா. மின்சாரத்தில் "வோல்ட்" என்கிறோமே, அவர் பெயர்தான். 1776 நவம்பரில் மஜ்ஜோரே ஏரியில், ஆங்கேரா என்ற ஊரருகே, நாணல் வளர்ந்த கரைச் சேற்றைக் கிளறி, வந்த குமிழிகளைத் தலைகீழாகப் பிடித்த பாட்டிலில் அடைத்துக்கொண்டு போய் எரித்துப் பார்த்தார். செடிகொடி காற்றில்லாத இடத்தில் அழுகினால் எரியும் வாயு பிறக்கிறது என்பது அதிலிருந்து துலங்க ஆரம்பித்தது. "காற்றில்லாத இடத்தில்" என்ற இரண்டு சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குப்பைமேட்டின் கதை முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

நடுவே பாரீசுக்கு ஒரு எட்டு போய் வருவோம். பிரெஞ்சில் குப்பைத்தொட்டிக்கு "புபேல்" என்று பெயர். அது ஒரு மனிதருடைய பெயர் என்பது நம்மூரில் பிரெஞ்சு பேசுகிற பலருக்கே தெரியாது. எழேன் புபேல் என்பவர் பாரீசை உள்ளடக்கிய சேன் மாவட்டத்தின் பிரெஃபே. 1883 நவம்பரில் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு கட்டடத்திலும் குப்பைக்கு மூடியோடு பாத்திரம் வைக்க வேண்டும். அதோடு நிற்கவில்லை. அழுகும் பொருளுக்கு ஒன்று, காகிதம் கந்தலுக்கு ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓட்டுக்கு ஒன்று என்று பிரித்து வைக்கச் சொன்னார். கந்தல் பொறுக்கிப் பிழைத்தவர்கள் வயிற்றில் அடிக்கிறார் என்று கொதித்தார்கள். பத்திரிகைகள் கேலி செய்து தொட்டிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டன. தொட்டி நிலைத்தது, பிரிப்பது நிலைக்கவில்லை. இன்று நம் வாசலில் பச்சை, நீலம் என்று இரண்டு வாளி வைக்கச் சொல்லும்போது அலுத்துக்கொள்கிறோம். அது நூற்று நாற்பது வருடப் பழைய சுற்றறிக்கை.

அடுத்த திருப்பம் அமெரிக்காவில். கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் ஜீன் வின்சென்ஸ் என்ற பொறியாளர் 1937-இல் ஒரு புதிய முறையைத் தொடங்கினார். அதுவரை குப்பை என்றால் திறந்தவெளியில் கொட்டுவது. ஈ, எலி, புகை எல்லாம் கூடவே வரும். இவர் அகழி வெட்டிக் குப்பையைப் போட்டு, அழுத்தி, அன்றன்றைக்கே மண் போட்டு மூடினார். நாற்றம் போயிற்று, எலி போயிற்று, தீயும் குறைந்தது. உலகமே இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆனால் எலிக்கு வழி அடைத்த அதே மண் காற்றுக்கும் வழியை அடைத்துவிட்டது. வோல்ட்டாவின் சேறு மாதிரியே மேட்டின் வயிறு ஆகிவிட்டது. 1987-இல் அந்த மேட்டை மூடினார்கள். 1989-இல் அது அந்நாட்டு அரசின் அபாயகரமான மாசு இடங்களின் பட்டியலில் ஏறியது. 2001-இல் அதே இடத்துக்குத் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற பட்டமும் கிடைத்தது! குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால், இரண்டு கோப்பும் ஒரே மேசையில் சந்தித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துச் சிரித்தேன்.

சிரிப்பு அதோடு சரி. நண்பரின் கேள்விக்கு நேரான பதில் இங்கிலாந்தில் இருக்கிறது.

டார்பிஷர் பகுதியில் லாஸ்கோ என்று ஒரு சிற்றூர். செங்கல்லுக்குக் களிமண் எடுத்த பள்ளம் ஒன்று அங்கே இருந்தது. அதில் வீட்டுக் குப்பையைக் கொட்டி நிரப்பி மூடினார்கள். அதிலிருந்து எழுபது மீட்டர் அளவில் ஒரு தனி வீடு. 1986 மார்ச் 24, விடியற்காலை ஆறரை மணி இருக்கும். அந்த வீடு வெடித்துத் தரைமட்டமாயிற்று. உள்ளே இருந்த மூன்று பேரும் பலத்த காயத்தோடு உயிர் தப்பினார்கள். குப்பையில் பிறந்த மெத்தேன் பாறை இடுக்குகளின் வழியே நிலத்தடியில் ஊர்ந்து போய் வீட்டின் தரைக்கடியில் சேர்ந்திருந்தது. காற்றில் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பங்கு மெத்தேன் கலந்துவிட்டால் ஒரு பொறி போதும்.

ஏன் அன்றைக்கு? விசாரணையில் தெரியவந்த செய்திதான் என்னை உறைய வைத்தது. முந்தைய ஏழு மணி நேரத்தில் அந்த ஊரில் வளிமண்டல அழுத்தம் 29 மில்லிபார் சடசடவென்று இறங்கியிருந்தது. மேலே காற்றின் பாரம் குறைந்தால், உள்ளே அடைபட்ட வாயு மூச்சு விடுவது போல வெளியே தள்ளும். புயல் சின்னம் நெருங்கும்போது நம் கடற்கரையில் பாரோமீட்டர் இறங்குவதைப் பார்த்தவர்கள் நாம். சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. வெடிப்பதற்கு முன்பே அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் செடிகள் பட்டுப்போயின, மண் தொட்டால் சூடாக இருந்தது. அவரவருக்குத் தெரிந்திருந்தது, சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. முப்பத்தெட்டு வருடம் கோப்பு நகர்த்தியவன் நான். செடி பட்டுப்போவது ஒரு மேசை, மண் சூடு இன்னொரு மேசை, பாரோமீட்டர் யார் மேசையிலும் இல்லை. இப்படித்தான் நடக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. ஒன்று, துளையிட்ட குழாய்களை மேட்டுக்குள் இறக்கி, மோட்டார் வைத்து மெல்ல உறிஞ்சி எரிப்பது. கலிஃபோர்னியாவின் பாலோஸ் வெர்டெஸ் மேட்டில் 1975-இலேயே இப்படி எடுத்த வாயுவைச் சுத்தம் செய்து எரிவாயுக் குழாயில் விட்டார்கள். மேட்டு வாயுவில் ஏறக்குறையப் பாதி மெத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. எரித்தால் மெத்தேனும் கரியமில வாயுவாகிவிடும். அதுவும் கெடுதல்தானே என்று கேட்கலாம். நூறு வருடக் கணக்கில் பார்த்தால் எடைக்கு எடை மெத்தேன் சுமார் 28 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கும். இருபது வருடக் கணக்கில் 80 மடங்கு. எரிப்பதே மேல். ஆனால் உறிஞ்சுவதில் நிதானம் வேண்டும். பேராசைப்பட்டு அதிகமாக இழுத்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து மேடே உள்ளுக்குள் கனன்று பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது மருந்துதான் எனக்குப் பிடித்தது. மெத்தேனையே உணவாகத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. 1906-இல் ஹாலந்தில் சோங்கன் என்ற ஆராய்ச்சியாளர் அவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். வெகுகாலம் அது ஆய்வுக்கூட விஷயமாகவே கிடந்தது. 1990-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான வேலன், ரீபர்க், சாண்ட்பெக் மூவரும் ஒரு மூடிய குப்பைமேட்டின் மேல்மண்ணை எடுத்துச் சோதித்தார்கள். ஒரு சதுர மீட்டர் மண் ஒரே நாளில் 45 கிராம் மெத்தேன் வரை தின்று தீர்த்தது. அதுவரை உலகில் எந்த இடத்திலும் பதிவாகாத வேகம். அந்த உயிர்களுக்கு மிகவும் உகந்த வெப்பம் 31 டிகிரி என்றும் கண்டார்கள். நம்மூர் நிழலின் வெப்பம்!

மகிழ்ச்சியில் துள்ள வேண்டாம். அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஈரப்பதமான மண் ஒரு லிட்டருக்கு நாளொன்றுக்கு 116 மில்லிகிராம் தின்ன, தண்ணீர் தேங்கிய அதே மண் தின்றது வெறும் 6.1. நுண்ணுயிருக்கும் மூச்சுவிடக் காற்று வேண்டும். நீர் தேங்கினால் அடைபடும். ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் தண்ணீர் நிற்கும் ஊரில் வடிகாலைக் கவனிக்காமல் மண்ணை மட்டும் நம்ப முடியாது. இதன் பிறகு பொறியாளர்கள் பல நாடுகளில், கெட்டிக் களிமண்ணுக்குப் பதிலாக, அடியில் சரளை பரப்பி, மேலே பொலபொலவென்று மக்கிய உரத்தைப் போர்வையாகப் போட்டுப் பார்த்தார்கள். குழாய் போடும் அளவுக்கு வாயு இல்லாத பழைய மேடுகளுக்கு அது நன்றாகவே உதவுகிறது.

மறுநாள் நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "சரி சார், பதினஞ்சு வருஷம் போதாதா?" என்றார். அழுகும் குப்பை அடைபட்டுக் கிடந்தால் பல பத்து ஆண்டுகள் வாயு வந்துகொண்டே இருக்கும் என்றேன். அந்தப் பள்ளத்தில் வாயு வெளியேறக் குழாய் நட்டிருக்கிறார்களா, மழையில் எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்த இடத்தில் புல் வட்டமாகக் காய்ந்திருக்கிறது, மனைக்கும் பள்ளத்துக்கும் நடுவே மண் எப்படி என்று பார்க்கச் சொன்னேன். கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது, மெத்தேன் அளக்கும் கருவி உள்ள ஆளைக் கூப்பிட்டு அளக்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு போகிறாராம். "நீங்களும் வாங்க சார், நான் சொன்னா அவர் கேக்க மாட்டார்" என்றார். போகிறேன். தீப்பெட்டி எடுத்துப் போகப் போவதில்லை.