தலைக்கவசம் பிறந்த கதை



"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்பது நம் முதியோர் வாக்கு. நேரவிருந்த பேராபத்து சிறு நட்டத்தோடு விலகிப் போனால், "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று கூறி ஆறுதலடைவதும் நம்மவர் வழக்கம். இப் பழமொழியைச் சொல்லுக்குச் சொல் மெய்யாக்கும் பொருளொன்று இன்று நம் வீட்டுத் திண்ணைகளிலும் மோட்டார் சைக்கிள்களின் கைபிடிகளிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதுவே தலைக்கவசம். தலைக்கு வரும் இடியைத் தான் ஏற்று, தான் நசுங்கி, தலையைக் காக்கும் இத் தலைப்பாகை எவ்வாறு பிறந்தது? அதனைச் செப்பஞ் செய்தவர்கள் யாவர்? கடைக்குச் சென்று அதனைத் தெரிந்தெடுக்கும் ஒருவருக்கு அதன் வரலாறு கற்பிக்கும் பாடம் யாது? இவற்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

போர்வீரர் தலைக்கவசம் அணிவது மிகப் பழைய வழக்கம். வாளையும் அம்பையும் தடுப்பதற்கு வெண்கலமும் இரும்பும் போதுமாயிருந்தன. மோட்டார் சைக்கிளோட்டியின் பகையோ வேறுவகைப்பட்டது. அவனுடைய வேகமே அவனுக்குப் பகை. பாய்ந்து செல்லும் வண்டி சட்டென்று நின்றுவிட, அதில் இருந்தவன் அதே வேகத்துடன் தூக்கி எறியப்படுகின்றான். வீதியிலோ மதிலிலோ அவன் தலை மோதும்போது மண்டையோடு நின்றுவிடுகின்றது. உள்ளே இருக்கும் மூளையோ உடனே நிற்பதில்லை. இந்த ஆபத்தை உலகம் உணர்வதற்கு மோட்டார் சைக்கிள் தோன்றிய பின்னரும் பல ஆண்டுகள் சென்றன.

இங்கிலாந்திலே, சறே மாநிலத்தில், புறூக்லன்ட்ஸ் என்னுமிடத்தில் 1907ஆம் ஆண்டு பந்தயத் திடல் ஒன்று திறக்கப்பட்டது. அங்கே வைத்தியராகப் பணியாற்றிய எரிக் காட்னர் என்பார், தலையில் அடிபட்ட மோட்டார் சைக்கிளோட்டிகள் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருவராகத் தம்மிடம் கொண்டுவரப்படுவதைக் கண்டார். மருந்து கட்டி அனுப்புவதோடு அவர் அமைதியடையவில்லை. கிழக்கு இலண்டனில் பெத்னல் கிறீன் பகுதியைச் சேர்ந்த தொழிலாளி ஒருவரைக் கொண்டு, கன்வஸ் துணியை அரக்கினால் இறுக்கி உறுதியான தொப்பிகள் செய்வித்தார். பந்தயங்களை நடத்திய சங்கத்தார் முதலில் அதனை ஏற்க மறுத்தனர். பின்னர் மனம் மாறினர். 1914ஆம் ஆண்டு ஐல் ஒவ் மான் தீவில் நடந்த புகழ்பெற்ற பந்தயத்தில், ஓட்டிகள் பலர் எதிர்த்த போதிலும், அத் தொப்பி கட்டாயமாக்கப்பட்டது. காட்னர் 94 தொப்பிகளை எடுத்துச் சென்றார். கதவொன்றில் சாய்வாக மோதிய ஓட்டி ஒருவர் அத் தொப்பியினாலேயே பிழைத்தார். பந்தயம் முடிந்த பின்னர் அத் தீவின் வைத்திய அதிகாரியிடமிருந்து காட்னருக்குக் கடிதம் ஒன்று வந்தது. ஆண்டுதோறும் மூளையதிர்ச்சியுற்றோர் சிலர் தம்மிடம் வருவதுண்டென்றும், அவ்வாண்டு அப்படி ஒருவரேனும் வரவில்லையென்றும் அவர் அதில் எழுதியிருந்தார்.

இவ்வளவு தெளிவான சான்று கிடைத்த பின்னரும் கவசம் பந்தயத் திடலை விட்டு வெளியே வரவில்லை. அது பந்தயக்காரரின் உடை என்றே பொதுமக்கள் கருதினர். வேலைக்குச் செல்பவரும் ஊர் சுற்றுபவரும் சாதாரணத் தொப்பியோடும் வெறுந்தலையோடும் வீதியில் விரைந்தனர். அவ்வாறு விரைந்தவர்களுள் ஒருவரின் மரணமே இவ் வரலாற்றின் போக்கை மாற்றியது.

அவர், முதலாம் உலகப் போரின்போது அராபியரோடு சேர்ந்து துருக்கியரை எதிர்த்துப் போரிட்டுப் பெயர் பெற்ற ரி. ஈ. லோறன்ஸ். 1935ஆம் ஆண்டு பிரித்தானிய விமானப்படையிலிருந்து விலகி, டோசெற் மாநிலத்திலே சிறு குடிசையொன்றில் அவர் வாழ்ந்து வந்தார். வேகத்தில் அவருக்குப் பெரு விருப்பம். 'புறவ் சுப்பீரியர்' என்னும் விலையுயர்ந்த மோட்டார் சைக்கிள்கள் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருந்தவர். அவ்வாண்டு மே மாதம் 13ஆம் திகதி தம் இல்லத்துக்கு அண்மையில் சென்றுகொண்டிருந்தபோது, வீதியின் பள்ளத்தில் கண்ணுக்கு மறைந்திருந்த இரு சைக்கிள் சிறுவர்களைத் திடீரெனக் கண்டார். அவர்கள்மேல் மோதாதிருக்க வண்டியைத் திருப்பினார்; தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து, மே 19ஆம் திகதி, தமது 46ஆவது வயதில் உயிர் நீத்தார்.

அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட நிபுணர்களுள் ஒருவர் ஹியூ கெயான்ஸ். தென் அவுஸ்திரேலியாவில் 1896ஆம் ஆண்டு பிறந்து, மூளைச் சத்திரசிகிச்சையில் தேர்ச்சி பெற்றவர். 1937 முதல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர். எத்துணைத் திறமை வாய்ந்த கையும், நசுங்கிய மூளையை முன்போல் ஆக்கிவிட முடியாது என்பதை அவர் அறிவார். ஆகவே, அடிபட்ட பின் செய்யும் வைத்தியத்தோடு, அடிபடாமற் காக்கும் வழியையும் அவர் தேடத் தொடங்கினார்.

1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. பெற்றோல் பங்கீட்டினால் வீதிகளில் வாகனங்கள் குறைந்தன. ஆயினும் மோட்டார் சைக்கிள் மரணங்கள் குறையவில்லை. இருட்டடிப்பு நிலவிய இரவுகளில் இராணுவத் தூதர்கள் செய்தி சுமந்து விரைய வேண்டியிருந்தது. கெயான்ஸ் கணக்கெடுத்தார். போருக்கு முந்திய 21 மாதங்களில் பிரித்தானியாவில் மோட்டார் சைக்கிளில் சென்று மாண்டவர் 1,884 பேர். போரின் முதல் 21 மாதங்களில் மாண்டவர் 2,279 பேர். அவர்களுட் பெரும்பாலோரைக் கொன்றது தலைக்காயமே. அவர் பார்வைக்கு வந்த நோயாளருள் கவசம் அணிந்திருந்தோர் எழுவர் மாத்திரமே. அந்த எழுவரும் உயிர் பிழைத்தனர்.

எழுவர் என்பது சிறு தொகைதான். ஆயினும் அது சுட்டிய திசையை அவர் தவறவிடவில்லை. 1941ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 'பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை'யில் தம் ஆய்வை வெளியிட்டார். அடுத்த மாதமே, கடமையிலுள்ள மோட்டார் சைக்கிளோட்டிகள் யாவரும் கவசம் அணியவேண்டுமென இராணுவம் கட்டளையிட்டது. 1946இல் அவர் மீண்டும் கணக்கு வெளியிட்டபோது, 1941 நவம்பர் முதற்கொண்டு மரணத் தொகை இறங்கிச் சென்றமை தெரிந்தது. 1952இல் கெயான்ஸ் காலமானார். பிரித்தானியாவின் பொதுமக்கள் அனைவருக்கும் கவசத்தைக் கட்டாயமாக்கிய சட்டம் 1973ஆம் ஆண்டிலேதான் வந்தது. அதற்கு முன்னரே, 1961இல், அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் அத்தகைய சட்டத்தை உலகில் முதன்முதலாக நடைமுறைப்படுத்தியிருந்தது.

இனி, கவசத்தின் உள்ளமைப்பைச் சிறிது நோக்குவோம். போர்க்காலக் கவசங்கள் இறுக்கிய றப்பராலும் அழுத்திய நார்க்கூழாலும் ஆக்கப்பட்டவை. வெளியோடு உறுதியாயிருந்தால் போதும் என்பதே அன்றைய எண்ணம். அமெரிக்காவிலே, தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாள்ஸ் லொம்பாட், ஹேர்மன் றொத் ஆகியோர் வேறு விதமாகச் சிந்தித்தனர். 1947இல் விண்ணப்பித்து 1953இல் அவர்கள் பெற்ற காப்புரிமையின் கருத்து எளியது. வெளியோடு அடியைப் பரவச் செய்யவேண்டும். உள்ளே உள்ள அடுக்கு நசுங்கி அவ்வடியை விழுங்கவேண்டும். தென்னையிலிருந்து விழும் குரும்பட்டி கல்லில் விழுந்தால் சிதறும். வைக்கோற் போரில் விழுந்தால் சிதறாது. வைக்கோல் அமிழ்ந்து கொடுப்பதனால், குரும்பட்டி சிறிது சிறிதாக நிற்பதற்கு இடம் கிடைக்கின்றது. கவசத்துள் அந்த வைக்கோலின் வேலையைச் செய்வது, நம் நாட்டவர் 'ரெஜிபோம்' என்று வழங்கும் வகையைச் சேர்ந்த பொலிஸ்டைரீன் நுரையாகும். ஒரு முறை நசுங்கிய நுரை மீண்டும் எழாது. ஆகையால் ஒரு விபத்தைக் கண்ட கவசம், வெளியே கீறலின்றிப் பளபளத்தாலும், தன் கடமையை முடித்துவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

நல்லதையும் போலியையும் பிரித்தறியும் சோதனைகளும் ஓர் இழப்பிலிருந்தே வளர்ந்தன. 1956ஆம் ஆண்டு கார்ப் பந்தயமொன்றில் பீற் ஸ்னெல் என்னும் அமெரிக்கர், அணிந்திருந்த கவசம் காக்கத் தவறியமையால், தலைக்காயமுற்று மாண்டார். அவருடைய நண்பர்கள் சேர்ந்து மறு ஆண்டே அவர் பெயரால் ஒரு நிலையம் அமைத்துக் கவசங்களைச் சோதிக்கத் தொடங்கினர். ஒக்ஸ்போட்டில் கெயான்ஸின் சூழலில் ஆராய்ந்த பௌதிக அறிஞர் ஹொல்போன், மூளையைக் கிழிப்பதில் நேரடி அடியைக் காட்டிலும் தலையின் திடீர்ச் சுழற்சிக்குப் பெரும் பங்குண்டு என்பதை, ஜெலற்றின் மாதிரிகளைக் கொண்டு 1943ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். ஐக்கிய நாடுகளின் ஐரோப்பிய ஆணைக்குழுவின் 22ஆம் இலக்க ஒழுங்குவிதி, சுழற்சியை அளக்கும் சோதனையை 2021இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்திலேதான் சேர்த்துக்கொண்டது. அறிவு பிறப்பதற்கும் அது நம் தலைக்கு வந்து சேர்வதற்கும் இடையே எத்துணைக் காலம் செல்கின்றது, பாருங்கள்!

கவசத்தை எதிர்த்தோரும் எப்போதும் இருந்துள்ளனர். காது மந்தமாகும், பார்வை குறையும், கழுத்து முறியும் என்றெல்லாம் அவர்கள் கூறினர். அமெரிக்காவில் ஹரி ஹேட் என்னும் ஆய்வாளர் தலைமையில் 900 விபத்துக்களை நேரில் ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட அறிக்கை, இக் குறைகூறல்களுக்கு ஆதாரம் இல்லையெனக் கண்டது. பல நாட்டு ஆய்வுகளை ஒருங்கு திரட்டி 2008இல் வெளிவந்த மதிப்பீடு, கவசம் மரண ஆபத்தை ஏறக்குறைய 42 வீதமும், தலைக்காய ஆபத்தை 69 வீதமும் குறைக்கின்றது என்று முடிவு கூறியது.

ஆனால், நேயர்களே, எதிர்ப்புக்களுள் ஒன்றை மட்டும் நாம் அலட்சியம் செய்யலாகாது. "வசதியாயில்லை, புழுக்கமாயிருக்கின்றது" என்பதே அது. வெப்பம் மிகுந்த நம் தேசத்தில் இது பொய்ம்முறைப்பாடு அன்று. வலிக்கும் கவசம் கைபிடியில் தொங்கும். தளர்ந்த கவசம் விபத்தின்போது தலையை விட்டுத் தனியே பறக்கும். இரண்டினாலும் தலைக்குப் பயனில்லை. எனவே வசதியும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல. தலைக்குப் பொருந்தும் அளவிலே இரண்டும் ஒன்றாகி விடுகின்றன.

ஆதலின், கடையிலே நிறத்தையும் சித்திரத்தையும் பார்ப்பதற்கு முன் அளவைப் பாருங்கள். புருவத்துக்குச் சற்று மேலாக நாடாவைச் சுற்றித் தலையை அளந்துகொள்ளுங்கள். கவசத்தை அணிந்து, தாடைப்பட்டியைப் பூட்டி, கவசத்தை இருபுறமும் அசைத்துப் பாருங்கள். நெற்றித் தோலும் கன்னமும் கூடவே அசைந்தால் அளவு சரி. கவசம் மாத்திரம் தனியே திரும்பினால் அது பெரிது. பின்புற விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கழன்று வரும் கவசம் வேண்டாம். பத்து நிமிடம் அணிந்திருங்கள். ஓரிடத்தில் மட்டும் குத்தி வலித்தால் அதன் வடிவம் உங்கள் தலைக்கு உரியதன்று. எங்கும் ஒரே சீராக இறுக்கமாயிருந்தால் அஞ்சவேண்டாம். உள்மெத்தை நாளடைவில் சிறிது தளரும். காற்றுத் துளைகள் உள்ளதையும், முகக் கண்ணாடி தெளிவானதையும், வெயிலில் குறைவாகச் சூடேறும் வெளிர் நிறத்தையும் விரும்பித் தெரிவு செய்யலாம். தாடையையும் மூடும் முழுமுகக் கவசம் அதிக காப்பளிக்கும். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் முத்திரையோ, அதற்கு ஒப்பான பிறநாட்டு முத்திரையோ உண்டா என்று கவனியுங்கள். பிறர் பாவித்ததை, அதன் கடந்தகாலம் தெரியாமல் வாங்காதீர்கள். பின்னால் இருப்பவருக்கும், சிறு பிள்ளைக்கும், அவரவர் தலைக்கு ஏற்றது வேண்டும். தகப்பனாரின் கவசம் மகனின் தலையில் வெறுங்குடமே.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பட்டியைப் பூட்டுங்கள். பூட்டாத கவசம் தலையில் வைத்த சுமை. பூட்டிய பின்னரே அது கவசமாகின்றது.

டோசெற் வீதியிலே அன்று இரு சிறுவர்களைக் காக்க விலகிய மனிதருக்குத் தம்மைக் காக்க ஒன்றும் இருக்கவில்லை. அவர் படுக்கையருகே நின்ற வைத்தியர் அந்தக் குறையை மறக்கவில்லை. முன்பின் அறியாத எத்தனையோ பேருடைய மரணங்களை எண்ணி, ஆராய்ந்து, உருவாக்கிய பொருளொன்று இன்று நம் கைக்கு எட்டிய தூரத்தில் தொங்குகின்றது. அடுத்த முறை, "பக்கத்துச் சந்திக்குத்தானே போகிறேன்" என்று நாம் புறப்படும்போது, லோறன்சின் விபத்தும் அவர் வீட்டுக்கு அண்மையிலேயே நிகழ்ந்தது என்பதை ஒரு கணம் நினைவு கூர்வோமாக. தலைக்கு வருவது தலைப்பாகையோடு போகவேண்டுமானால், தலைப்பாகை தலையில் இருத்தல் வேண்டும் அன்றோ?