வலையும் கிளையும்: பம்பாய்த் தெருக்களின் வரலாறு

பம்பாய் மாதுங்காவைப் பற்றிப் பேசும் தமிழ் அன்பர்கள் அங்குள்ள கோயில்களையும் உணவு விடுதிகளையும் புகழ்வார்கள், தெருக்களை நினைப்பதில்லை. ஆயினும் அந்தத் தெருக்களுக்கும் ஒரு வரலாறு உண்டு.

1896-ஆம் ஆண்டு பம்பாயில் பிளேக் நோய் பரவியது. மாண்ட்வி முதலிய பழைய பேட்டைகளில் வீடுகள் ஒன்றையொன்று முட்டி நின்றன. காற்றும் வெயிலும் புகாத சந்துகளே நோய்க்குக் காரணம் என ஆட்சியாளர் கருதினர். எலியும் தெள்ளுப்பூச்சியுமே அதனைப் பரப்பின என்பது பின்னரே தெளிவாயிற்று. 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் நிறுவப்பெற்றது. அது பழைய நகரை ஊடறுத்து, இன்று முகமது அலி சாலை எனப்படும் பெருவீதியைத் திறந்தது. இடித்த அளவுக்கு ஏழைகளுக்கு வீடு கட்டித் தரவில்லை என்ற குறை டிரஸ்டின்மீது உண்டு; அது நியாயமான குறையே.

வடக்கே தாதர், மாதுங்கா, சயான் பகுதிகளில் டிரஸ்ட் வேறு முறையைக் கையாண்டது. அங்கே முதலில் தெரு, வீடு பிறகு. வயலும் சதுப்புமாயிருந்த நிலத்தில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வீதிகள் வகுக்கப்பெற்றன. தென்னிந்தியர் பெருகி, 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியபோது அவ்வீதிகள் அவர்களுக்காகக் காத்திருந்தன எனலாம். கோயிலுக்கோ மார்க்கெட்டுக்கோ ரயிலடிக்கோ போகிறவருக்கு ஒரு வழி அடைபட்டால் மறு வழி உண்டு. அங்குள்ள மர நிழலைப் பலர் பாராட்டுவர். நான் அந்தத் தெருமுனைகளையே பாராட்டுவேன்.

1950-இலும் 1957-இலும் நகர எல்லை வடக்கே விரிந்தது. அங்கே வழிகாட்டியது டிரஸ்ட் அன்று, இருப்புப்பாதை. 1853-இல் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் ரயில் ஓடியது முதல், நிலையங்களைச் சுற்றியே குடியிருப்புகள் வளர்ந்தன. இடைவெளிகளில் ஆலைகளும் வீட்டுவசதிச் சங்கங்களும் தனித்தனியே எழுந்தன. ஒவ்வொன்றும் பெருஞ்சாலையிலிருந்து தன் வாசல் வரை ஒரு பாதை போட்டுக்கொண்டது. அண்டை மனையோடு இணைக்கவில்லை. மாதுங்காத் தெரு வலையைப் போன்றது. புறநகர்த் தெரு மரக்கிளையைப் போன்றது. கிளை நுனியிலுள்ள எறும்பு அடுத்த நுனிக்குச் செல்ல அடிமரம் வரை இறங்கியே ஏற வேண்டும். சுவருக்கு அப்பால் தெரியும் பள்ளிக்குக் குழந்தை பெருஞ்சாலையைச் சுற்றி நடப்பது இதனால்தான். டில்லியில் இரவுதோறும் இரும்புக் கதவு பூட்டும் காலனிகளில் வாழும் நேயர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பின்னர் இணைப்பது எளிதன்று. தண்டவாளங்கள் தெற்கு வடக்காகக் கிடக்க, கிழக்கு மேற்காகச் செல்லும் சாந்தாக்ரூஸ்–செம்பூர் இணைப்புச் சாலை 2014-இல்தான் திறக்கப்பெற்றது. அதன் வழியிலிருந்த எளியோர் பலர் குடிசைகளை இழந்து வேறிடம் பெயர நேர்ந்தது. வெர்சோவாவையும் காட்கோபரையும் இணைக்கும் மெட்ரோ ரயிலும் அவ்வாண்டு ஜூன் மாதமே ஓடத் தொடங்கியது.

மாதுங்காவில் அக்காலத்து மாடி வீடுகள் பல இடிக்கப்பட்டு, உயர்ந்த அடுக்ககங்கள் எழுகின்றன. தெருக்கள் மட்டும் டிரஸ்ட் கிழித்த கோட்டிலேயே கிடக்கின்றன.